சிப்பாங்கில் பறிபோன 12 புள்ளிகள்

2012 ஃபார்முலா 1 பட்டத்தை முடிவு செய்தது வெறும் 3 புள்ளிகள். ரெட் புல்லின் செபாஸ்டியன் வெட்டல் 281, ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ 278. இடைவெளி இவ்வளவு சுருங்கியதில் நம் சிப்பாங்கிற்கும் பங்குண்டு.

மார்ச் 25ஆம் தேதி கொட்டிய மழையில் பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே நிறுத்தப்பட்டது. கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் அப்போது 10ஆம் இடத்தில் இருந்தார்! எச்ஆர்டி அணி அவரைத் தொடக்கத்திலேயே கனமழை டயரில் அனுப்பியிருந்தது. மற்றவர்கள் டயர் மாற்றப் பிட்டுக்கு ஓடினார்கள். முந்தைய இரு பருவங்களிலும் ஒரு புள்ளிகூடப் பெறாத அணி அது.

தடம் காயத் தொடங்கியதும் கார்த்திகேயன் பின்தங்கினார். ஜென்சன் பட்டன் அவர் கார்மீது மோதினார். தவறு தம்முடையதே என்று பின்னர் ஒப்புக்கொண்டார். வெட்டல் அப்படியில்லை. 4ஆம் இடத்தில் இருந்தவர், ஒரு சுற்று பின்தங்கியிருந்த கார்த்திகேயனை முந்தும்போது இரு கார்களும் உரசின. வெட்டலின் பின் டயர் கிழிந்து, 11ஆவதாக முடித்தார். கைக்கு எட்டிய 12 புள்ளிகள் போயின. வென்றவர் அலோன்சோ.

வெட்டல் கடுஞ்சொல் வீசினார். நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 வினாடி தண்டனை விதித்தனர். முந்தியவர் இன்னும் கொஞ்சம் விலகிச் சென்றிருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பின்வரிசைக்காரர் பேச்சு எங்கே எடுபடும்?

வெட்டல் பட்டத்தைத் தக்கவைத்தார். எச்ஆர்டி அந்த ஆண்டோடு மூடப்பட்டது. அதன்பின் ஃபார்முலா 1இல் இடம் கிடைக்காத கார்த்திகேயன், 2014இல் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா பந்தயங்களுக்குச் சென்றார்.