பேசாமல் இருக்கிறதும் வேலைதான்

அத்திலாந்திக்கில் சூறாவளி கரையை நெருங்கினால் அமெச்சூர் வானொலிக்காரர் 14.325 மெகாஹேர்ட்ஸில் கூடுவினம். 1965 இல் தொடங்கின 'ஹரிக்கேன் வோச் நெற்' அது. நெற் கொன்ட்ரோல் கூப்பிடாமல் ஒருவரும் வாய் திறக்கேலாது. அவசரம் என்றால் மட்டும் இடையில் புகலாம். சர்வாதிகாரம் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு பேர் ஒன்றாகக் கதைத்தால் இரண்டும் விளங்காது. புயலுக்குள் இருக்கிறவரின் மெல்லிய சிக்னல் கொன்ட்ரோலுக்கு எட்டாவிட்டால், அதைக் கேட்ட வேறொருவர் 'ரிலே' செய்வார். அதாவது, பேசாமல் இருந்தவர் சும்மா இருக்கேல்லை.

எங்கட வெள்ளகால வட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கோ. 'கவனமா இருங்கோ' என்று வரிசையாக வரும். படகு கேட்டவரின் செய்தி எங்கேயோ மேலே போயிடும். குழுவைப் பூட்டச் சொல்லேல்லை, பூட்டினால் அவரும் எழுதேலாது. அட்மின்மாரே, அடுத்த மழைக்கு முதல் ஒரு கொன்ட்ரோலைத் தெரிவுசெய்யுங்கோ.