முதல் பந்தியும் மூன்றாம் பந்தியும்

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் ஊர்களில் ஒரு விசாரணை ஆரம்பமாகிவிடும். "பையனுக்கு எந்தக் குரூப் கிடைத்தது?" என்பார்கள். எந்தப் பாடத்தில் ஆசை என்று கேட்பாரில்லை. எது கிடைத்தது என்றுதான் கேள்வி. ரேஷன் கடையில் அரிசி கிடைப்பதுபோல், பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் படிப்பும் 'கிடைக்கிறது'!

1978-ல் தமிழ்நாட்டில் பி.யூ.சி.யை எடுத்துவிட்டு மேல்நிலை வகுப்புகளைக் கொண்டுவந்தார்கள். மொழிப் பாடங்கள் இரண்டு போக, மற்ற நான்கு பாடங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குக் குரூப் என்று பெயர். கணிதம், பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஒரு மூட்டை. உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயன்ஸ் வைத்தால் இன்னொன்று. கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தது வேறொன்று. வணிகவியல், வரலாறு என்று மேலும் சில. மூட்டை கட்டியதில் பிசகில்லை. பள்ளிக்கூடம் நடத்த ஓர் ஒழுங்கு வேண்டும். ஆனால் மூட்டைகளுக்கு நம்மவர்கள் பந்தி வரிசை வைத்தார்களே, அங்கேதான் அநியாயம் புகுந்தது. முதல் குரூப் என்றால் தலைவாழை இலை. மூன்றாம் குரூப் என்றால் மிச்சம் மீதி!

யாரை எந்தப் பந்தியில் உட்காரவைப்பது? பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்களுக்கு 500 மார்க். பல பள்ளிகளில் அந்த மொத்தத்தைப் பார்த்தே பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார்கள். விஞ்ஞானத்தில் 95 வாங்கிய பெண் ஆங்கிலத்தில் 50 வாங்கியிருந்தால், "உனக்கு சயன்ஸ் குரூப் வராது, அம்மா" என்கிறார்கள். ஆங்கிலத்தில் தடுக்கி விழுந்தவளுக்குத் தாவரவியலின் கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்? அதே வரிசையில் 480 வாங்கிய பையன் வரலாறு படிக்க ஆசைப்பட்டால், "பைத்தியமா உனக்கு?" என்று அவனையும் முதல் பந்திக்குத் தள்ளிவிடுகிறார்கள். டாக்டர் ஆகாவிட்டால் எஞ்சினீயர் ஆகட்டும் என்று, கணிதம் உயிரியல் ஆகிய இரண்டு தோணியிலும் அவன் காலை வைப்பவர் தகப்பனார். தண்ணீரில் விழப்போகிறவன் பிள்ளை!

ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். 1904-ல் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் அதை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. பரீட்சை எழுதியபோது உடலியல் அவரைக் கவிழ்த்தது. அதே மனிதர் 1918-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்.

"அவர் மேதை, எல்லோரும் ராமானுஜனா?" என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். மேதையின் கடிதத்தைப் படித்துக் கேம்பிரிட்ஜுக்கு அழைக்க ஒரு ஹார்டி இருந்தார். நம் வீட்டுச் சாதாரணப் பிள்ளைக்கு எந்த ஹார்டி வரப்போகிறார்? பதினோராம் வகுப்பின் வாசலிலேயே நியாயம் கிடைக்க வேண்டியது அவனுக்குத்தான்.

1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றபின், உயிரியல் கற்க மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009-ல் அவருக்குக் கிடைத்ததோ ரசாயனத்துக்கான நோபல் பரிசு! அவரை எந்தக் குரூப்பில் சேர்ப்போம்?

கணிதம் படிக்காதவனுக்குப் பெரும்பாலான எஞ்சினீயரிங் படிப்புகள் இல்லை என்பது உண்மை. உயிரியல் படிக்காதவனுக்கு மருத்துவம் இல்லை என்பதும் உண்மையாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று 2023-ல் தேசிய மருத்துவ ஆணையமே இறங்கி வந்துவிட்டது. இவற்றையெல்லாம் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னபிறகு முடிவை அவனிடம் விடுங்கள்.

இடம் குறைவு, ஆசிரியர் குறைவு என்று தலைமை ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எல்லோருக்கும் இடம் தர முடியாதபோது பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். அப்படியானால் மொத்த மார்க்கை ஓரமாக வைத்துவிட்டு, கேட்கும் குரூப்புக்கு வேண்டிய பாடத்தின் மார்க்கைப் பாருங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். அதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை. புதிய கட்டடமும் தேவையில்லை.

பெற்றோர்களே, கல்யாணப் பந்தியில்கூட "என்ன வேண்டும்?" என்று கேட்டுத்தான் இலையில் பரிமாறுகிறோம். பெற்ற பிள்ளையிடம் அந்த ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?