ஒரே தெரு, இரண்டு குழாய்கள்... ஹாம்பர்க் துறைமுகம் சொல்லும் கதை!

ஜெர்மனியின் மிகப்பெரிய துறைமுகம் ஹாம்பர்க். கடற்கரை ஊர் என்று நினைத்தால், அதுதான் இல்லை. வடகடலில் இருந்து எல்பே ஆற்றின் வழியாக சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. பெரிய பெரிய கன்டெய்னர் கப்பல்கள் ஆற்றிலேயே ஏறி ஊருக்குள் வந்துவிடும்.

இங்கு வரும் சுற்றுலாப் பயணிகள் முதலில் ஓடுவது ஸ்பைஷர்ஷ்டாட் என்ற கிடங்கு நகரத்துக்கு. கால்வாய்களின் இரு பக்கமும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகச் செங்கல் கிடங்குகள். மரத்தூண்களை மண்ணில் இறக்கி, அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிடங்குக்கும் தெருப் பக்கம் ஒரு வாசல், தண்ணீர்ப் பக்கம் ஒரு வாசல். படகில் வந்த காபி, தேயிலை, கோகோ, மசாலா மூட்டைகளை அந்தக் காலத்தில் கூரைக்குக் கீழே உள்ள கப்பியில் கட்டி மாடிக்கு இழுத்துக்கொண்டார்கள். 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாலையில் விளக்கு போட்டதும் செல்போன் கேமராக்களுக்கு ஓய்வே கிடையாது.

வீடுகள் இருந்த இடம்

அந்தக் கிடங்குகள் வெற்று நிலத்தில் எழுந்தவை அல்ல. 1888-ல் ஹாம்பர்க், ஜெர்மன் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தது. அதுவரை ஊர் முழுவதும் இருந்த சுங்கவரிச் சலுகை, அதன் பிறகு துறைமுகத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே என்றானது. வரி கட்டாமல் சரக்கு வைக்கக் கிடங்குகள் வேண்டும். அதற்காக ஆற்றோரக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. சுமார் 20,000 பேர் வீட்டை இழந்தார்கள்.

வேலை துறைமுகத்தில். கப்பல் வந்தால்தான் அன்றைய கூலி. அதனால் தொலைவில் போய்க் குடியேற முடியாதவர்கள், ஏற்கெனவே நெரிசலாக இருந்த சந்துகளுக்குள் போய் அடைந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகலான அந்தப் பகுதிகளுக்கு கெங்கஃபியர்டல் என்று பெயர்.

1892 ஆகஸ்ட்

அந்தக் காலத்தில் ஹாம்பர்க்கின் குடிநீர், எல்பே ஆற்றில் எடுத்து வடிகட்டாமல் குழாயில் விட்ட தண்ணீர்தான். வடிகட்டும் நிலையம் கட்டுவது பற்றி ஆண்டுக்கணக்கில் பேசினார்களே தவிர, செலவை நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். பணி தொடங்கியது, முடியவில்லை. அதற்குள் காலரா வந்துவிட்டது.

ஆகஸ்ட் நடுவிலேயே நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ஆனால், காலரா என்று அறிவித்தால் ஹாம்பர்க் கப்பல்களை எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது. வியாபாரம் படுத்துவிடும். அதிகாரிகள் தயங்கினார்கள். அந்த நாள்களில் புறப்பட்ட கப்பல்களில் ஒன்று, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களை ஏற்றிச் சென்ற 'மொராவியா'. நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் அதில் 22 பேர் இறந்திருந்தார்கள்.

ஹாம்பர்க்கில் சில வாரங்களில் இறந்தவர்கள் 8,600-க்கும் அதிகம். பணம் இருந்தவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சந்துகளில் இருந்தவர்களுக்குப் போக இடம் இல்லை.

எல்லைத் தெருவின் சாட்சி

பெர்லினில் இருந்து வந்தார் ராபர்ட் கோக். காலராக் கிருமியை அடையாளம் காட்டிய அதே மருத்துவர். அவருக்குச் சான்று பக்கத்திலேயே இருந்தது.

ஹாம்பர்க்கை ஒட்டியே அல்டோனா என்ற இன்னொரு நகரம். இப்போது ஹாம்பர்க்கின் ஒரு பகுதி. அப்போது தனி ஊர், தனி நிர்வாகம். அல்டோனாவும் எல்பே தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்த பிறகு, கீழே ஓடிவரும் தண்ணீர்! ஆனால், அதை மணல் படுகையில் வடிகட்டிய பிறகே குழாயில் விட்டார்கள்.

இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில், ஹாம்பர்க் பக்கம் வீட்டுக்கு வீடு காலரா. எதிர்ப்பக்கம் அல்டோனாவில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இன்னொரு வியப்பு, ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்த ஒரு குடியிருப்புக்கு மட்டும் அல்டோனா குழாயில் தண்ணீர் வந்தது. அங்கே காலரா எட்டிப் பார்க்கவில்லை. அதே காற்று, அதே மண், அதே வறுமை. வேறாக இருந்தது தண்ணீர் மட்டும்தான். கெட்ட காற்றால்தான் காலரா பரவுகிறது என்று அப்போதும் வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

ஹாம்பர்க்கின் வடிகட்டும் நிலையம் அடுத்த ஆண்டே, 1893-ல் இயங்கத் தொடங்கியது. அத்தனை ஆண்டுகள் முடியாத வேலை!

இன்று எங்கே பார்க்கலாம்?

எல்பே ஆற்றில் உள்ள கால்டஹோஃப தீவில் அந்த நிலையத்தின் பழைய வடிகட்டும் குளங்கள் அப்படியே இருக்கின்றன. 1990 வரை பயன்பாட்டில் இருந்த இடம், இப்போது பறவைகள் வந்து தங்கும் பூங்காவும் தண்ணீர் அருங்காட்சியகமும் ஆகியிருக்கிறது.

சந்துகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அப்படி இடித்த பகுதி ஒன்றில் எழுந்ததுதான் 1924-ல் கட்டி முடித்த சிலேஹௌஸ். கப்பலின் முன்பகுதி போலக் கூர்மையாக நிற்கும் இந்தச் செங்கல் கட்டடமும் யுனெஸ்கோ பட்டியலில் உண்டு. மிஞ்சியிருந்த சில பழைய சந்து வீடுகளும் இடிபட இருந்தன. 2009-ல் கலைஞர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். முதலீட்டாளரிடம் விற்றிருந்த அந்த வீடுகளை நகர நிர்வாகமே திரும்ப வாங்கியது. இன்று அங்கே ஓவியக்கூடங்களும் பட்டறைகளும் இருக்கின்றன.

ஹாம்பர்க் போகிறவர்கள் கிடங்கு நகரத்தில் படம் எடுத்த கையோடு, இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு அரை நாள் ஒதுக்கலாம். அந்தக் கிடங்குகளுக்காக இடம் விட்டுக்கொடுத்தவர்கள் எங்கே போனார்கள், என்ன தண்ணீர் குடித்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.