டீ இடைவேளையைக் குறைக்காதீர்கள்



உங்கள் தெருவில் எந்த வீட்டு மொட்டை மாடியிலாவது விநோதமான ஆன்டெனா ஒன்று நிற்கிறதா? டிவிக்கானது இல்லையென்றால், அங்கே ஒரு 'ஹாம்' இருக்கலாம். அரசுத் தேர்வில் தேறி, லைசென்ஸும் கால் சைன் என்கிற அடையாளக் குறியும் வாங்கி, வயர்லெஸ் வழியே ஊர் உலகத்தோடு பேசுகிறவர். 12 வயது நிரம்பியவர்கள் இந்தத் தேர்வை எழுதலாம்.

இவர்கள் கூடும் விழாதான் ஹாம்ஃபெஸ்ட். இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் நடக்கிறது. ரேடியோக்காரர்கள் விஷயம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாடித்தோட்டம், தபால்தலை, கேமரா என்று யாருக்காவது ஒரு பித்து இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நான் சொல்லப்போவது பொருந்தும்.

இம்மாதிரிக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? குத்துவிளக்கு, வரவேற்புரை, அப்புறம் வரிசையாகப் பேச்சுகள். சாட்டிலைட் தொடர்பு, டிஜிட்டல் மோட், ஆன்டெனா வடிவமைப்பு. எல்லாம் நல்ல தலைப்புகள்தான். ஆனால் நேரம் போதவில்லை என்றதும் முதலில் கைவைப்பது டீ இடைவேளையில். வருடக்கணக்கில் குரலால் மட்டுமே பழகியவர்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்கள். இதற்காகவா வீட்டில் அனுமதி வாங்கி, லீவு போட்டு, ராத்திரி ரயில் ஏறி வந்தார்கள்?

ஸ்லைடுகளை மறுநாள் மெயிலில் அனுப்பிவிடலாம். கோஆக்ஸ் கேபிளின் நுனியில் கனெக்டரைச் சால்டர் செய்யும் பக்குவத்தை அனுப்ப முடியாது. எவ்வளவு சூடு, எப்போது கையை எடுப்பது என்பதைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் ஹாம்வென்ஷன் 1952-இல் தொடங்கியது. அங்கே உள்ளே கருத்தரங்குகள் நடக்கும்போதே வெளியே திறந்தவெளியில் பழைய சாமான் சந்தையும் நடக்கிறது. ஒரு பழைய டிரான்ஸ்மிட்டரைத் திருப்பிப் பார்த்தபடி, "இதில் என்ன பழுது?" என்று விற்பவரிடம் கேட்கிறார் ஒருவர். அந்தப் பேச்சு தொழில்நுட்பமா, அரட்டையா? என்னால் பிரிக்க முடியவில்லை.

அதற்காக, பேச்சுகளையே எடுத்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். வெறும் அரட்டை என்றால் பழைய நண்பர்கள் வட்டம் போட்டுவிடுவார்கள். இப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய கல்லூரிப் பெண்ணும், அவளுக்குத் துணையாக வந்த அம்மாவும் ஓரமாக நின்று போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருடம் அவர்கள் வருவார்களா?

கூச்சப்படுகிறவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வரும். ஹாம்கள் விளையாடும் 'ஃபாக்ஸ் ஹன்ட்' எனக்கு மிகவும் பிடித்தது இதனால்தான். ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்கேயாவது ஒளித்துவைப்பார்கள். கையில் ஆன்டெனாவோடு, சிக்னல் எந்தப் பக்கம் வலுவாக வருகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேட வேண்டும். அளவு டேப்பின் எஃகுப் பட்டையையும் பிவிசி பைப்பையும் வைத்தே அந்த ஆன்டெனாவைச் செய்துவிடலாம். கட்டிடத்தில் மோதித் திரும்பும் சிக்னலை நம்பி ஒரு கூட்டம் தப்பான திசையில் ஓடும். ஏன் ஏமாந்தோம் என்று அப்புறம் நடக்கிற வாக்குவாதம் இருக்கிறதே, அதைவிட நல்ல பாடவேளை கிடையாது. பத்து வயதுப் பிள்ளையும் தாத்தாவும் ஒரே அணியில் ஓடலாம். வேறெந்த அமர்வில் இது நடக்கும்?

இப்படிக் கூடிப் பழகுவதன் அருமை ஆபத்தில் தெரியும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, ஹாம் ரேடியோ இயக்குவதற்காக பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாட்களில், அந்தமானில் இருந்தவர்களைப் பற்றிய சேதி இவர்களுடைய ரேடியோ வழியே இந்தியப் பெருநிலத்தில் தவித்த குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரைச்சலுக்கு நடுவே வரும் குரல் யாருடையது, அவரை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்திருப்பது அப்போது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தப் பழக்கம் கூடி உட்கார்ந்து பேசியதில் வந்ததுதானே?

சங்கம் நடத்தும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பேச்சுகளை மதியத்துக்குள் முடியுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மேசைகளைப் போட்டு, கருவிகளை எடுத்து வையுங்கள். முதல்முறை வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய உறுப்பினரைத் துணைக்கு அனுப்புங்கள். பேட்ஜில் பெயரையும் கால் சைனையும், கண்ணாடி போட்டவர்களும் தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக அச்சடியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்