ரசீதில் வராத மானியம்

சமையல் வாயு மானியத்தை வசதியுள்ளவர்கள் விட்டுக்கொடுக்கும்படி 2015இல் பிரதமர் கேட்டுக்கொண்டார். ஒரு கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. நம் சங்க அன்பர்களிலும் அப்படிப் பலர் உண்டு. "அன்றிலிருந்து சர்க்காரிடம் சல்லிக்காசு வாங்குவதில்லை" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 2020 ஜூன் முதல் 2022 ஜூன் வரை உலகச் சந்தையில் வாயு விலை சுமார் 300 சதவிகிதம் ஏறியது. நம் வீட்டுச் சிலிண்டர் விலை ஏறியதோ 72 சதவிகிதம்தான். நடுவில் விழுந்த பள்ளத்துக்காக 2022 அக்டோபரில் மத்திய அரசு மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 22,000 கோடி ரூபாய் அளித்தது. 2025 ஆகஸ்டில் மேலும் 30,000 கோடிக்கு ஒப்புதல் தந்தது. இது ஏழைகளின் சிலிண்டருக்கு மட்டும் போன பணம் அல்ல. கார் வைத்திருப்பவர் வீட்டுச் சிலிண்டருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் யாருடைய வங்கிக் கணக்கிலும் வரவு விழவில்லை. ஆகவே யாரும் தம்மை மானியம் வாங்கியவராக நினைப்பதில்லை.

முந்தைய ஏற்பாடு இன்னும் சாமர்த்தியமானது. 2005க்குப் பின் சில ஆண்டுகள் ரொக்கத்துக்குப் பதில் எண்ணெய்ப் பத்திரங்களைக் கொடுத்தார்கள். அந்தந்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறையில் அது ஏறவே இல்லை. அசல் மட்டும் ஒரு லட்சம் கோடிக்கு மேல். 2008இல் ஸ்கூட்டருக்கு மலிவாக ஊற்றிய பெட்ரோலுக்கு 2025-26 வரை வட்டியும் அசலுமாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார்கள்!

பாலம் கட்டும்போது எல்லாத் தூண்களின் உயரத்தையும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்துதான் அளப்போம். தூணுக்கு ஒரு குறி என்று வைத்தால் கர்டர் உட்காராது. மானிய விவாதத்தில் ஆளுக்கொரு குறி. 2022இல் உலக நாடுகள் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் வாயுவுக்கும் தந்த மானியம் 7 லட்சம் கோடி டாலர் என்கிறது சர்வதேச நிதியம். அதில் நேரடி மானியம் 1.3 லட்சம் கோடிதான். மீதியில் பெரும்பகுதி, புகையாலும் வெப்பத்தாலும் வரும் கேட்டுக்கு விலை வசூலிக்காததைச் சேர்த்த கணக்கு. நம் ஊரிலோ, "பெட்ரோலுக்கு இவ்வளவு வரி வாங்கிவிட்டு மானியம் என்ன மானியம்?" என்பார்கள். நியாயமான கேள்வி. வரி, மானியம், நிறுவனங்களுக்குத் தந்த ஈடு, பத்திரக் கடன் எல்லாவற்றையும் பட்ஜெட்டோடு ஒரே தாளில், ஆண்டுதோறும் ஒரே முறையில் எழுதட்டுமே.

மானியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. உஜ்வலா பெண்களுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் கிடைக்கிறது. அது போதுமா, விறகடுப்புக்கே திரும்புகிறார்களா என்று கேட்குமுன், நமக்கு எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டாமா?

பயணச் செலவில் சராசரி 57 சதவிகிதம்தான் கட்டணமாக வருகிறது என்று 2016இல் ரயில் டிக்கெட்டிலேயே அச்சிட்டார்கள். சிலர் கோபித்துக்கொண்டார்கள், எனக்குப் பிடித்திருந்தது. அதே போல ஒவ்வொரு சிலிண்டர் ரசீதிலும் அடக்க விலை இவ்வளவு, நீங்கள் கொடுத்தது இவ்வளவு என்று இரண்டு எண்கள் அச்சிட எவ்வளவு மை செலவாகும்?