மூவிலையும் ஓர் அடிமையும்

ஆண்டுதோறும் மார்ச் 17-ந் தேதி, ஐரிஷ் மக்கள் எத்தேசத்தில் வாழினும், ஷாம்ராக் என்னும் பசிய மூவிலையைச் சட்டையில் அணிந்து மகான் பாட்ரிக்கின் திருநாளைக் கொண்டாடுகின்றனர். அவர் அயர்லாந்திலிருந்த பாம்புகளையெல்லாம் கடலில் விரட்டினார் என்பதும், மூவிலையொன்றைக் காட்டி ஒரே கடவுளின் திரித்துவத்தை விளக்கினார் என்பதும் அந்நாட்டு ஐதீகம்.

சரித்திரம் இவற்றுக்குச் சான்று பகரவில்லை. பாட்ரிக் வாழ்ந்தது 5-ஆம் நூற்றாண்டு. அயர்லாந்தில் பாம்பு இல்லையென்று ஸோலினஸ் என்னும் ரோமானிய ஆசிரியர் அதற்கு முன்னரே எழுதி வைத்துவிட்டார். மூவிலைக் கதை நூலில் ஏறியதோ 1726-ல்தான். பாம்பு என்றது மக்களின் பழைய மதத்தையே என்று வியாக்கியானம் செய்வாரும் உளர். ஒரு ஜாதியாரின் முன்னோரை விஷ ஜந்துக்களாக்கும் அவ்வியாக்கியானம் மகானுக்குப் பெருமை தருவதாக நமக்குத் தோன்றவில்லை.

சின்னத்தின் கதை வேறு. 1783-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பாட்ரிக்கின் பெயரால் பிரபுக்களுக்கு ஒரு விருது ஏற்படுத்தி, அதற்கு நீலப் பட்டி வகுத்தார். 1798-ல் விடுதலைக்காகக் கிளர்ந்தெழுந்தவர்களோ பச்சையைத் தங்கள் நிறமாகக் கொண்டனர். அதை அணிவதே ராஜத் துரோகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. பின்னர் 1900-ல், போயர் யுத்தத்தில் தமக்காகப் போரிட்ட ஐரிஷ் சிப்பாய்கள் அத்திருநாளில் மூவிலை அணியலாமென்று விக்டோரியா ராணி அனுமதி அளித்தார். சொந்த மண்ணில் முளைத்த இலையைச் சூட அந்நியர் அனுமதி! நீலப் பட்டி இன்று பெரும்பாலோர் நினைவில் இல்லை, பச்சை நிலைத்துவிட்டது. சின்னத்துக்கு உயிரளிப்பது அதற்காகத் துன்புற்றவர்களின் தியாகமேயன்றி, அரசாங்கத்தின் உத்தரவன்று.

ஆனால் அந்தப் பச்சையும் வெறும் கேளிக்கையாகிவிடும் அபாயம் உண்டு. 1962 முதல் சிக்காகோ நகரில் ஆற்று நீருக்கே பச்சைச் சாயமிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். வேடிக்கையை நாம் குறை கூறவில்லை. அந்தச் சாயத்தில் மனிதர் மறைந்துவிடலாகாது என்பதே நமது கவலை.

அம்மனிதர் யார்? பிரிட்டனில் பிறந்தவர். ஏறத்தாழ 16 வயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் அடிமையாய் மந்தை மேய்த்தவர். தப்பிச் சென்றபின், தம்மை அடிமைப்படுத்திய நாட்டுக்கே தொண்டராய்த் திரும்பியவர். கொரோட்டிகஸ் என்னும் தலைவனின் படைவீரர் புதிதாய் ஞானஸ்நானம் பெற்றோரிற் சிலரைக் கொன்று, மற்றோரை அடிமைகளாய்க் கொண்டு சென்றபோது, அந்த அக்கிரமத்தைக் கண்டித்து அவர் விடுத்த லத்தீன் கடிதம் இன்றும் உளது. அதில் பாம்புகளை விரட்டிய கதையும் இல்லை, மூவிலையும் இல்லை. அடிமைத்தனத்தை அனுபவித்தறிந்த ஒருவர் அடிமைகளுக்காக எழுப்பிய குரல் இருக்கிறது.

ஐதீகங்களை எறிந்துவிடுக என்று நாம் கூறோம். குழந்தைகளுக்குக் கதை வேண்டும். தேசத்துக்குச் சின்னம் வேண்டும். ஆயினும், இலையை மார்பில் அணிவோர் அக்கடிதத்தை நெஞ்சில் அணிவாராயின், அதுவே மகானுக்குச் செய்யும் மெய்யான பூஜையாகும்.