சங்கக் கட்டடத்தில் தேச விவகாரம் பேசலாமா?

கூட்டுறவுச் சங்கத்தின் கூரைக்கடியில் அங்கத்தினர்கள் தேச விவகாரங்களையும் பழைய சரித்திரத்தையும் ஜாதி முதலிய சமூக வழக்கங்களையும் பற்றி விவாதிப்பது முறையா என்ற கேள்வி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. முறையன்று என்று பல காரியதரிசிகள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டனர். சேர்வராயன் மலையில் ஒரு சங்கத்துக்கு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, "இங்கு அரசியல் பேசக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகை சுவரில் தொங்குவதைக் கண்டோம். அதற்கு ஒரு முழம் தள்ளி அதே சுவரில் கிராம சபைக் கூட்டத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதைப் படித்தவர் எவரும் அங்கே இல்லை. படித்திருந்தாலும் அதைப் பற்றி அவர்கள் எங்கே போய்ப் பேசுவது?

காரியதரிசிகளின் அச்சம் காரணமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். நிர்வாகக் குழுத் தேர்தலின்போது கட்சிக் கொடியைச் சங்க வாசலுக்குக் கொண்டுவந்து, தேர்தல் முடிந்த பின்னும் அந்தப் பகையை விடாமல், தவணை கட்டுவதையே நிறுத்திய அங்கத்தினர்களை நாம் அறிவோம். தறியில் பாவு ஏறாமல் நின்றதற்கு வாய்ச் சண்டை காரணமான ஊரும் உண்டு. கட்டடத்தைப் பூட்டி வைத்தால் கண்ணாடி உடையாது என்பது ஒரு நியாயந்தான். ஆனால் பூட்டிய கட்டடத்துக்குச் சங்கம் என்று பெயர் எதற்கு?

நம் இயக்கத்தின் தொடக்கத்தைச் சற்று நினைவுகூர்வோம். இங்கிலாந்திலே ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் நெசவாளர் பலர் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அந்தக் கடையைப் பற்றி நம் பயிற்சி வகுப்புகளில் சொல்லாதவர் இல்லை. அந்தச் சங்கத்தார் சில ஆண்டுகளுக்குள்ளேயே பத்திரிகை படிக்கும் அறை ஒன்றையும் நூல்நிலையத்தையும் ஏற்படுத்தி, இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினார்கள் என்பதை மட்டும் நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். அங்கேயும் இதே தகராறு எழுந்தது. மதத்தையும் அரசியலையும் பற்றிய பேச்சுக்குத் தடை விதிக்கவேண்டுமென்று சிலர் வற்புறுத்தினர். 1850-இல் அச்சங்கம் செய்த தீர்மானத்தின் சாரம் இது: உரிய நேரத்தில் உரிய முறையில் கூட்டத்தின்முன் கொண்டுவரப்படும் எந்த விஷயத்தைப் பற்றியும் தன் மனத்திலுள்ளதைச் சொல்ல ஒவ்வோர் அங்கத்தினருக்கும் முழு உரிமை உண்டு. நேரமும் முறையும் நிபந்தனையாயின. விஷயத்துக்கு நிபந்தனை போடவில்லை.

"அரசியல், மத நடுநிலைமை" கூட்டுறவின் கொள்கையல்லவா என்று கேட்பார்கள். 1937-இல் சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனம் வகுத்த கொள்கைகளில் அது இடம்பெற்றது உண்மை. 1966-இல் அக்கொள்கைகள் திருத்தி எழுதப்பட்டபோது அது தனிக் கொள்கையாக வைக்கப்படவில்லை. 1995-இல் மான்செஸ்டரில் மறுபடி வகுக்கப்பட்டபோது, சங்கத்தின் சுதந்திரம் என்பதே வலியுறுத்தப்பட்டது. சங்கம் ஒரு கட்சியின் வாலாகக் கூடாது. அங்கத்தினராகச் சேர வருகிறவனிடம் உன் கட்சி எது, கோவில் எது என்று கேட்கக் கூடாது. நடுநிலைமை என்பதன் பொருள் இவ்வளவே. அங்கத்தினன் வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்று அதற்குப் பொருள் கூறுவது நம் காரியதரிசிகளின் சொந்த உரை.

தேச விவகாரம் என்பது எங்கோ டில்லியில் நடப்பது என்று எண்ணுகிற மலைவாசிகளான காப்பி விவசாயிகளுக்கு ஒன்று சொல்வோம். 1975 ஜூலையில் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் ஒரு கடும் உறைபனி பெய்து கோடிக்கணக்கான காப்பிச் செடிகளைக் கருக்கிற்று. அடுத்த இரண்டாண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி விலை வானளாவ ஏறியது. 1989-இல் நாடுகளுக்குள் ஏற்றுமதி அளவைப் பங்கிட்டுவந்த ஒப்பந்த ஏற்பாடு குலைந்தது, விலை சரிந்தது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளைந்த காப்பியைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவந்த முறை 1990-களில் படிப்படியாக நீக்கப்பட்டு, விவசாயி தன் காப்பியைத் தானே விற்கும் நிலை வந்தது. ஏர்க்காட்டில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவன் இவற்றில் எதையும் வாக்களித்துத் தீர்மானிக்கவில்லை. ஆயினும் அத்தனையும் அவன் களத்தில் உலர்கிற கொட்டையின்மேல் வந்து விழுந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் செய்திருக்கிறது. காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததன்று என்பதற்கு, காப்பி விளைந்த நிலத்தின் இருப்பிடத்தையே சான்றாகக் காட்டவேண்டும் என்கிறது அது. அமல் நாளை ஒத்திவைத்திருக்கிறார்களே தவிரச் சட்டத்தைக் கைவிடவில்லை. மிளகுக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவே சிறு துண்டு நிலத்தில் காப்பி வைத்திருப்பவன் இதைத் தனியே எதிர்கொள்ள முடியுமா? எஸ்டேட்காரருக்குக் கணக்கர் உண்டு; அவனுக்குச் சங்கம் ஒன்றுதான் உண்டு.

மலையடிவாரத்து நெசவாளர் நிலையும் அதுவே. ஜவுளிக்கான ஜி.எஸ்.டி. வரியை 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து நூற்றுக்கு 5-லிருந்து 12 ஆக உயர்த்துவதென்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய நாள் கூடிய கவுன்சில் அதை நிறுத்திவைத்தது. அந்த நிறுத்தம் தானாக நிகழவில்லை. பல மாநிலங்களிலிருந்து ஜவுளித் தொழில் செய்வோர் முறையிட்டதனால் நிகழ்ந்தது. அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் அன்று தறியில் அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் சங்கத்தில் கூடி இதைப் பேசினார்கள் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கட்டும். கைத்தறி நாள் என்று ஆகஸ்டு 7-ஆம் தேதி கொண்டாடுகிறோம். 1905-இல் அதே நாளில் கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் பிரகடனமாயிற்று என்பதாலன்றோ அந்தத் தேதி? மாலையும் தள்ளுபடி விலையும் மட்டும் போதுமென்றால் எந்தத் தேதியும் போதுமே.

யாவற்றிலும் அவசரமானது நிலவுரிமை விஷயம். 2006-இல் பார்லிமெண்ட் இயற்றிய வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்பிருந்தே காட்டு நிலத்தைத் தன் அனுபவத்தில் வைத்து அங்கு வாழ்ந்துவரும் பழங்குடியினர், 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் அதற்கு உரிமை கோரலாம். அந்தக் கோரிக்கையை முதன்முதல் ஏற்று விசாரித்துத் தீர்மானம் செய்யவேண்டியது கிராம சபை. கலெக்டர் காரியாலயமோ வன இலாகாவோ அன்று. இந்த மலைகளின் ஆதிக்குடிகளான மலையாளி மக்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருக்கக்கூடும்? நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் ரேஷனுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் இதை ஒருவர் உரக்கப் படித்து, மற்றவர் கேள்வி கேட்டால் அது அரசியலா? அரசியலென்றால், அந்தப் பலகை முதலில் கழற்றப்பட வேண்டியது அந்த ஊர்களில்தான்.

காப்பி விளைவிக்கிறவர்களுக்குக் காப்பி ஹவுஸின் கதை தெரிந்திருக்க வேண்டும். உள்நாட்டில் காப்பி குடிப்பவர் தொகை பெருகவேண்டுமென்று 1930-களில் தொடங்கப்பட்ட இந்தியா காப்பி ஹவுஸ்கள், பெரிய நகரங்களில் வக்கீல்களும் மாணவர்களும் பத்திரிகைக்காரர்களும் மணிக்கணக்கில் அமர்ந்து தேசத்தை அலசும் இடங்களாயின. காப்பி போர்டு அவற்றை மூட முடிவு செய்தபோது வேலை இழந்த தொழிலாளிகள், ஏ. கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957-இல் பெங்களூரிலும் டில்லியிலும் தாமே காப்பி ஹவுஸ் நடத்தத் தொடங்கினர். கல்கத்தாவின் கல்லூரித் தெருவிலுள்ளது இன்றும் தொழிலாளர் கூட்டுறவில்தான் நடக்கிறது. டில்லியில் கன்னாட் பிளேஸில் இருந்த காப்பி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் இடிக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லஸும் லண்டன் காப்பிக் கடைகளை மூடச்சொல்லி 1675 டிசம்பரில் ஆணையிட்டான். எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அதிகாரத்தில் இருப்போர் அஞ்சியது காப்பியைக் கண்டன்று.

ஆயினும் காப்பிக் கடையைப் புகழும்போது ஒன்றை மறைக்கலாகாது. நம் நாட்டில் அங்கே எல்லோரும் உட்காரவில்லை. ஹோட்டல் பலகையில் "பிராமணாள்" என்ற சொல் இருந்ததை எதிர்த்து 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் முன் பெரியாரின் இயக்கத்தார் மறியல் நடத்தினர். பொது உணவு விடுதியில் எவரையும் தடுக்கலாகாதென்று அரசியல் சாசனம் சொல்லி, 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்த பிறகுகூட, கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தனி டம்ளர் பல ஆண்டுகள் நீடித்தது. விவாதம் என்று கூடுகிற இடத்தில் யார் பெஞ்சில் அமர்கிறார்கள், யார் திண்ணைக்குக் கீழே நிற்கிறார்கள் என்பதை நாம் முதலில் பார்ப்போம். சேர்வராயன் மலைச் சங்கங்களில் பழங்குடிப் பெண்கள் அங்கத்தினராக இருந்தும், பேரவைக் கூட்டத்தில் கைரேகை வைத்துவிட்டு வெளியே மரத்தடியில் உட்காருவதை நாம் கண்டிருக்கிறோம். பேச்சுக்குத் தடையென்று பலகையில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

சேலம் ஜில்லாவில் பேசுவதற்கு விஷயப் பஞ்சமில்லை. மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதல் 1937 அக்டோபர் முதல் தேதி இந்த ஜில்லாவில்தான் அமலாயிற்று. நீதிக் கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில்தான். 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் மத்தியச் சிறையில் துப்பாக்கிப் பிரயோகத்தில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்ததும் இங்கேதான். இம்மூன்றையும் ஒரே மாலையில் எடுத்தால் மூன்று பேர் மூன்று பக்கம் நிற்பார்கள், குரல் உயரும். உயரட்டுமே. தனித்தனியே கைப்பேசியில் கண்டதை நம்பி, அடுத்த வீட்டானைப் பகைவனாக எண்ணிக்கொண்டு மௌனமாய் இருப்பதைவிட, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே "நீ சொல்வது தவறு" என்பது எவ்வளவோ மேல்.

எப்படி நடத்துவது என்பதற்கும் நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1956-இல் பூனா வானொலி நிலையம் யுனெஸ்கோவின் துணையோடு 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்களை அமைத்தது. வாரத்துக்கு இருமுறை அரைமணி ஒலிபரப்பு; கேட்ட பிறகு கூடியிருப்போர் விவாதிப்பார்கள்; சந்தேகங்களைக் காரியதரிசி எழுதி நிலையத்துக்கு அனுப்பினால் வானொலியிலேயே பதில் வரும். 1959 முதல் இத்திட்டம் தேசமெங்கும் விரிவாக்கப்பட்டது. கேட்டதும் பேசுவது, பேசியதைக் குறிப்பது, குறித்ததற்குப் பதில் பெறுவது என்ற அந்த ஒழுங்கே அதன் உயிர்.

நம் சங்கங்களில் மாதம் ஒரு மாலை போதும். ஒருவர் செய்தியைப் படிக்கட்டும். அது எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்பதைச் சொல்லிவிட்டுப் படிக்கட்டும். முதலில் பேசும் வாய்ப்பு, சென்ற மாதம் பேசாதவருக்கு. நிர்வாகக் குழுத் தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் முடிவு வரும்வரை கூட்டத்தை நிறுத்திவைக்கலாம். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. வன உரிமை, வரி, நூல் விலை போன்றவற்றில் எழும் கேள்விகளை மினிட் புத்தகத்தில் எழுதி, உரிய அதிகாரிக்குச் சங்கத்தின் பெயரால் அனுப்பவேண்டும். நமக்கு அனுப்பினாலும் பதில் தேடித் தருவோம். அன்றைய காப்பிச் செலவுக்குத் தணிக்கையில் ஆட்சேபணை வருமோ என்று ஒரு காரியதரிசி கவலைப்பட்டார். உபவிதியில் இடமும் பேரவையின் தீர்மானமும் இருந்தால் வராது. ரசீதை மட்டும் மறவாமல் இணைக்கவேண்டும்.